மருந்துக் கடையில் கேட்கும் வைத்தியம்: இங்கிலாந்து செய்வதும் நம் ஊர் செய்யக்கூடியதும்

(நம் அறக்கட்டளை மதரஸா மண்டபத்தில் நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளன் அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.



இன்றைக்கு நாம் பேசப்போவது புதிய விஷயம் அல்ல. தினமும் நம் கடைத்தெருவில் நடப்பதுதான். "தம்பி, பிள்ளைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், ஏதாவது கொடு." "முட்டி வலி தாங்கவில்லை, போன தடவை கொடுத்த மாத்திரையையே கொடு." "தொண்டை கட்டியிருக்கிறது, ஆன்டிபயாட்டிக் மூன்று மட்டும் போதும்." நாம் மருந்துக் கடைக்கு மருந்து வாங்க மட்டும் போவதில்லை. வைத்தியமும் கேட்கப் போகிறோம். கடையில் நிற்பவரும் தெரிந்ததைச் சொல்லி, கையில் இருப்பதைக் கொடுத்து அனுப்புகிறார்.

இதற்காக யாரையும் திட்ட இந்தக் கூட்டத்தைக் கூட்டவில்லை. டாக்டரிடம் போனால் கட்டணம். அரசு மருத்துவமனைக்குப் போனால் அரை நாள் கூலி போய்விடும். கடை தெரு முனையில் இருக்கிறது, இரவு பத்து மணி வரை திறந்திருக்கிறது, கடைக்காரர் நம் முகம் தெரிந்தவர். ஏழை அங்கே போவதில் வியப்பு ஒன்றும் இல்லை. அவர் போகும் அந்த இடத்தை அவருக்கு நன்மை தரும் இடமாக ஆக்க முடியுமா என்பதே நம் கேள்வி.

நம் அலுவலகத்துக்கு வரும் மனுக்கள்

மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வருகிறவர்களின் காகிதங்களை நாங்கள் உட்கார்ந்து படிக்கிறோம். டயாலிசிஸ் செலவுக்கு உதவி கேட்டு வருகிறவர்களிடம் பழைய கதையைக் கேட்டால், சிலர் வருடக்கணக்கில் வலி மாத்திரை போட்டதாகச் சொல்கிறார்கள். சிறுநீரகம் கெட்டதற்கு அது மட்டும்தான் காரணம் என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கூடவே இருந்திருக்கும். ஆனால் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் ஏற்கெனவே பலவீனமான சிறுநீரகத்தை மேலும் பாதிக்கும் என்பதில் டாக்டர்களிடையே இரண்டு கருத்து இல்லை.

இரண்டாவது, ஆன்டிபயாட்டிக். சளி, சாதாரணக் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. வேலை செய்ய வேண்டிய நோயிலும் மூன்று மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு, நமக்குத் தோன்றியபடி நிறுத்திவிடுகிறோம். தேவையில்லாமலும் தப்பாகவும் போடும் ஒவ்வொரு முறையும் கிருமிகளுக்கு அந்த மருந்து பழகுகிறது. பிறகு உண்மையான நிமோனியா வரும்போது, பிரசவத்துக்குப் பின் காய்ச்சல் வரும்போது, முதல் மருந்து கேட்காது, இரண்டாவது மருந்தும் கேட்காது. விலை உயர்ந்த ஊசிதான் மிஞ்சும். அந்தச் செலவுக்கும் மனு நம்மிடம்தான் வருகிறது.

மூன்றாவது, ஸ்டீராய்டு. மூச்சிரைப்புக்கும் தோல் அரிப்புக்கும் உடனே கேட்கும் என்று கொடுக்கிறார்கள். உடனே கேட்கும், உண்மைதான். டாக்டர் பார்வை இல்லாமல் நீண்ட நாள் போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். திடீரென்று நிறுத்தினால் அதுவும் ஆபத்து.

இங்கிலாந்து என்ன செய்கிறது

இதே நெருக்கடி வேறொரு வடிவத்தில் இங்கிலாந்திலும் வந்தது. அங்கே டாக்டரைப் பார்க்கப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் குடும்ப டாக்டரிடம் நேரம் கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. தெருவுக்குத் தெரு இருக்கும் மருந்தகங்களைப் பயன்படுத்தலாம் என்று அவர்களின் தேசிய சுகாதார சேவை முடிவு செய்தது. 2024 ஜனவரி 31 அன்று 'ஃபார்மசி ஃபர்ஸ்ட்' என்ற திட்டம் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் அதே பெயரில் ஒரு திட்டம் 2020 ஜூலையிலேயே வந்துவிட்டது.

இங்கிலாந்துத் திட்டத்தில் ஏழு நோய்கள் மட்டுமே உண்டு. சைனஸ் அழற்சி, தொண்டை வலி, பிள்ளைகளின் காது வலி, பூச்சிக்கடியில் சீழ் பிடித்தல், தோலில் வரும் ஒருவகைத் தொற்றுப் புண், அக்கி, பெண்களுக்கு வரும் சிக்கலற்ற சிறுநீர்த் தொற்று. ஒவ்வொன்றுக்கும் வயது வரம்பு உண்டு. சிறுநீர்த் தொற்று என்றால் 16 முதல் 64 வயது வரை உள்ள பெண்கள் மட்டும். கர்ப்பிணிகளுக்குக் கிடையாது, டாக்டரிடம்தான் போக வேண்டும். அடிக்கடி இந்தத் தொற்று வருகிறவர்களுக்கும் கிடையாது.

அந்த மருந்தாளுநர் தன் மனதுக்குப் பட்டதைக் கொடுப்பதில்லை. டாக்டர்களும் மருந்தியல் அறிஞர்களும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திட்ட நெறிமுறை அவர் முன்னால் இருக்கிறது. தொண்டை வலி என்று ஒருவர் வந்தால் ஐந்து கேள்விகளுக்கு மதிப்பெண் போடுகிறார். கடந்த 24 மணி நேரத்தில் காய்ச்சல் இருந்ததா, தொண்டையில் சீழ் தெரிகிறதா, நோய் வேகமாக முற்றி மூன்று நாளுக்குள் வந்தாரா, உள்நாக்குப் பக்கம் கடுமையாக வீங்கிச் சிவந்திருக்கிறதா, இருமலும் மூக்கொழுகலும் இல்லாமல் இருக்கிறதா. நான்கு அல்லது ஐந்து மதிப்பெண் வந்தால்தான் ஆன்டிபயாட்டிக் பற்றிய பேச்சு. ஒன்றோ பூஜ்யமோ என்றால் வலிக்கு மாத்திரை, வெந்நீர், ஓய்வு. எப்படி ஆனால் மறுபடி வர வேண்டும் என்ற எச்சரிக்கையும் உண்டு.

ஒரு விஷயத்தை நம் கடைச் சகோதரர்கள் கவனித்துக் கேட்க வேண்டுகிறோம். அங்கே மருந்தாளுநருக்கு ஒரு ஆலோசனைக்கு இவ்வளவு என்று அரசு பணம் தருகிறது. தொடக்கத்தில் அது 15 பவுண்டு. விதிப்படி பார்த்து முடித்த ஆலோசனை என்றால், ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் அதே 15 பவுண்டுதான், கொடுக்காமல் அனுப்பினாலும் அதே 15 பவுண்டுதான். அவர் பார்த்துச் சொன்ன முடிவுக்குத்தான் கூலி. "மருந்து வேண்டாம்" என்று சொல்வதால் அவருக்கு நட்டம் இல்லை. இந்த ஒரு ஏற்பாடு இல்லாவிட்டால் மற்ற நெறிமுறை எல்லாம் காகிதத்தில்தான் இருந்திருக்கும்.

கடையை எப்படித் தயார் செய்கிறார்கள்

ஃபார்மசி ஃபர்ஸ்ட் என்பது எழுதி வைத்த நெறிமுறைப்படி மருந்து கொடுப்பது. இதற்கு அடுத்த படி, மருந்தாளுநரே தன் பொறுப்பில் மருந்துச்சீட்டு எழுதுவது. பிரிட்டனில் 2006 முதல் தகுதி பெற்ற மருந்தாளுநர்களுக்கு அந்த உரிமை உண்டு. அந்தத் தகுதி சும்மா கிடைப்பதில்லை. பட்டம் பெற்றுப் பதிவான பிறகு குறைந்தது 26 நாள் பாடமும் 90 மணி நேரப் பயிற்சியும் முடிக்க வேண்டும். பயிற்சியில் ஏற்கெனவே சீட்டு எழுதும் ஒரு டாக்டரோ, அனுபவம் உள்ள வேறொரு சீட்டெழுதுநரோ பக்கத்தில் நின்று பார்த்துச் சான்று தர வேண்டும். 2021 ஜனவரியில் அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பு கல்வி விதிகளை மாற்றியது. அதன்படி 2026-இல் பயிற்சி முடித்துப் பதிவாகிறவர்கள் முதல், மருந்துச்சீட்டு எழுதும் தகுதி அடிப்படைப் படிப்போடும் பயிற்சியோடும் சேர்ந்தே வருகிறது.

ஆளைத் தயார் செய்வதுபோல் கடையையும் தயார் செய்கிறார்கள். நோயாளியும் மருந்தாளுநரும் எதிரெதிரே உட்காரக்கூடிய தனி அறை வேண்டும். சாதாரணக் குரலில் பேசினால் வெளியில் நிற்பவருக்குக் கேட்கக்கூடாது. காதைப் பார்க்கும் கருவி வேண்டும். என்ன கேட்டோம், என்ன கொடுத்தோம் என்பது பதிவாக வேண்டும். அந்தத் தகவல் நோயாளியின் குடும்ப டாக்டருக்குப் போக வேண்டும். மருந்தாளுநர் அறைக்குள் இருக்கும்போது முன்மேசையைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற உதவியாளர் வேண்டும். இவை இல்லாமல் சட்டத்தில் உரிமை மட்டும் கொடுத்தால், நம் ஊர் மேசை வைத்தியத்துக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது.

அங்கேயும் எல்லோரும் ஒத்துக்கொண்டுவிடவில்லை. டாக்டர்கள் மூன்று கவலைகளைச் சொல்கிறார்கள். நோயைக் கண்டறியும் பயிற்சி மருந்தாளுநருக்குப் போதுமா? நோயாளியின் முழு வரலாறு ஓரிடத்தில் இல்லாமல் சிதறாதா? சீட்டு எழுதுகிறவரே விற்பவராகவும் இருந்தால் லாபம் பேசாதா? மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றாவது கேள்விக்காகவே, சீட்டு எழுதுவதையும் மருந்து கொடுப்பதையும் ஒரே ஆள் செய்யாமல் முடிந்தவரை பிரித்து வையுங்கள் என்று அங்குள்ள வழிகாட்டுதல் சொல்கிறது.

நம் சட்டம் எங்கே நிற்கிறது

நம் நாட்டில் நிலை வேறு. இந்தியாவில் நவீன மருந்துகளுக்குச் சீட்டு எழுதும் அதிகாரம் மருந்தாளுநருக்கு இல்லை. 'எச்' அட்டவணையில் உள்ள மருந்துகளைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. 'எச் 1' என்ற அட்டவணை 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. வீரியமான பல ஆன்டிபயாட்டிக்குகளும் காசநோய் மருந்துகளும் அதில் உள்ளன. அவற்றை விற்றால் எழுதிய டாக்டர் யார், வாங்கியவர் யார், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள் என்று 2016 முதல் மத்திய அரசு பிரசாரம் செய்துவருகிறது. வீட்டுக்குப் போனதும் உங்கள் அலமாரியில் இருக்கும் அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள்.

ஆகவே, இங்கிலாந்தில் செய்கிறார்கள் என்று சொல்லி நம் ஊர்க் கடையில் ஆன்டிபயாட்டிக் கொடுக்கச் சொல்வதற்கு இங்கே நாம் கூடவில்லை. அது சட்டத்துக்கும் விரோதம், நோயாளிக்கும் கேடு. அங்கே தயாரிப்பு முதலில் நடந்தது, அதிகாரம் பிறகு வந்தது. நம் ஊரில் தயாரிப்பு இல்லாமலேயே பழக்கம் வந்துவிட்டது. அதை ஒழுங்குபடுத்தச் சட்டம் நமக்கு நிறையவே இடம் தருகிறது. 2015-இல் வந்த மருந்தியல் தொழில் ஒழுங்குமுறை விதிகள், சீட்டைச் சரிபார்ப்பதையும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் பதிவு பெற்ற மருந்தாளுநரின் கடமைகளில் சேர்த்திருக்கின்றன. எப்போது போடுவது, எதோடு போடக்கூடாது, என்ன பக்க விளைவு வரலாம் என்று சொல்வது அவர் செய்யும் உபகாரம் அல்ல, அவர் தொழில்.

இதில் ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். மருந்தாளுநரின் சான்றிதழ் கடைச் சுவரில் தொங்கும். அவர் வேறு எங்கோ வேறு வேலையில் இருப்பார். மாதம் ஒரு தொகை அவருக்குப் போகும். நாட்டில் பல இடங்களில் நடக்கிற பழக்கம் இது. படித்த படிப்பை வாடகைக்கு விட்டு வரும் அந்தப் பணம் எப்படிப்பட்ட வருமானம் என்று நம் பிள்ளைகள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் கேட்டோம். பொய்ச் சாட்சிக்குக் கூலி வாங்குவதைப் போன்றது என்றார்கள்.

நம் முன்னோர் வழி

மருந்துக் கடையைத் தனித் தொழிலாக வளர்த்தவர்களில் நம் முன்னோருக்குப் பெரிய இடம் உண்டு. அப்பாஸியர் காலத்து பக்தாதில் மருந்துக் கடைகள் தனியாக நடந்தன. கடைவீதியைக் கண்காணித்த முஹ்தஸிபின் பொறுப்பில் மருந்து விற்பவர்களின் நிறுவையும் கலப்படமும் அடங்கியிருந்தன. பதினோராம் நூற்றாண்டில் அல்பீரூனி மருந்தியலைப் பற்றித் தனி நூலே எழுதினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கெய்ரோவில் ஒரு யூத மருந்தாளுநர் மருந்துக் கடையை எப்படி நடத்த வேண்டும் என்று அரபியில் ஒரு கையேடு எழுதினார். 'மின்ஹாஜுத் துக்கான்' என்ற அந்த நூலை முஸ்லிம்களும் மற்றவர்களும் நூற்றாண்டுக்கணக்கில் பயன்படுத்தினார்கள். நல்ல மருந்துக் கடை எல்லாச் சமுதாயத்துக்கும் பொதுச் சொத்து என்பதற்கு இதுவே சான்று.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்க்கிறவர் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி ஆவார் என்ற கருத்தில் நபிமொழி உண்டு. அதை வைத்து ஃபிக்ஹு அறிஞர்கள் நட்ட ஈட்டுச் சட்டமே வகுத்தார்கள். நல்ல எண்ணத்தில் கொடுத்தேன் என்பது போதாது, அறிந்து கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

நாம் தொடங்கப் போவது

நிர்வாகக் குழு டாக்டர்களோடும் கடைக்காரர்களோடும் பலமுறை பேசிய பிறகு ஆறு மாதச் சோதனை முயற்சி ஒன்றைத் தொடங்குகிறோம். மூன்று மருந்துக் கடைகள் முன்வந்திருக்கின்றன. அவற்றில் கடை நேரம் முழுவதும் பதிவு பெற்ற மருந்தாளுநர் இருப்பார். அது முதல் நிபந்தனை.

ஒவ்வொரு கடையிலும் ஒரு மூலையைத் தடுத்து இரண்டு நாற்காலி போடுகிறோம். இரத்த அழுத்தக் கருவி, வெப்பமானி, எடை பார்க்கும் இயந்திரம் வாங்கித் தருகிறோம். சீட்டோடு வருகிறவருக்கு மருந்தை விளக்கிச் சொல்வதும், சீட்டில்லாமல் வருகிறவரை விசாரித்து வழிகாட்டுவதும் அங்கே நடக்கும்.

சீட்டில்லாமல் வருகிறவருக்காக நம் டாக்டர்கள் ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தந்திருக்கிறார்கள். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், காய்ச்சலுக்கு வயதுக்கும் எடைக்கும் ஏற்ற பாராசிட்டமால் என்று சீட்டு தேவைப்படாதவை ஒரு பக்கம். உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டியவை மறுபக்கம். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல், சிறுநீரில் இரத்தம், கர்ப்பிணிக்கு எந்தத் தொந்தரவும், சர்க்கரை நோயாளியின் காலில் புண். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அங்கே சோதனையும் மருந்தும் இலவசம்.

அனுப்புவது என்றால் வெறும் வாயால் சொல்லி அனுப்புவது அல்ல. பச்சை நிறச் சீட்டு ஒன்று எழுதிக் கொடுப்பார். இங்கே வந்திருக்கும் இரண்டு டாக்டர்கள் பச்சைச் சீட்டோடு வருகிறவருக்குப் பாதிக் கட்டணம் போதும் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பாதியையும் தர இயலாதவருக்கு அறக்கட்டளை தரும். "டாக்டரிடம் போ" என்று மட்டும் சொல்லி, போக வழி செய்யாமல் விட்டால், அவர் அடுத்த தெருக் கடைக்குத்தான் போவார்.

கடைக்காரர் ஒருவர் எங்களிடம் வெளிப்படையாகவே கேட்டார்: "ஹஜ்ரத், நான் இல்லை என்று சொன்னால் பக்கத்துக் கடைக்காரர் கொடுப்பார். எனக்கு வியாபாரம் போகும், அவருக்கு மாத்திரை கிடைக்கும். யாருக்கு என்ன லாபம்?" அவர் கேள்வியில் உண்மை இருக்கிறது. அதற்காகவே மருந்தாளுநரின் ஆலோசனை நேரத்துக்கு மாதம் ஒரு மதிப்பூதியம் தர முடிவு செய்திருக்கிறோம். எத்தனை மாத்திரை விற்றது என்பதற்கும் அந்தத் தொகைக்கும் சம்பந்தம் இருக்காது. இங்கிலாந்து ஏற்பாட்டிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது இதைத்தான்.

பணம் எங்கிருந்து என்று கேட்பீர்கள். ஆலிம்களிடம் கேட்டுக் கணக்கைப் பிரித்திருக்கிறோம். தகுதியான ஏழையின் டாக்டர் கட்டணம் ஜகாத் நிதியிலிருந்து போகும். நாற்காலி, கருவி, மதிப்பூதியம் எல்லாம் ஸதகா, பொது நன்கொடை நிதியிலிருந்து மட்டும். இரண்டு கணக்கும் கலக்காது. பொது நிதி என்பதால் இந்த மூலையும் ஆலோசனையும் மதம் பாராமல் கடைக்கு வரும் எல்லோருக்கும் உண்டு. நோய்க்கு மஹல்லா தெரியாது.

டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக்கோ, ஸ்டீராய்டோ, தூக்க மாத்திரையோ கொடுத்ததாகத் தெரிந்தால் அந்தக் கடை அன்றே திட்டத்திலிருந்து வெளியேறும். கடைக்காரர் நம் உறவினராக இருந்தாலும் சரி. ஆறு மாத முடிவில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பச்சைச் சீட்டு எழுதப்பட்டது, எவ்வளவு செலவானது என்பதை இந்த மடலிலேயே வெளியிடுவோம். பலன் இல்லை என்று தெரிந்தால் அதையும் எழுதிவிட்டு நிறுத்திவிடுவோம்.

தாய்மார்களுக்கு

நம் பெண்கள் சிறுநீர் எரிச்சலையும் வெள்ளைப்படுதலையும் கடை மேசைக்கு முன்னால் நின்று ஆண்களிடம் சொல்வதில்லை. சொல்லக் கூசி, பையனிடம் துண்டுக் காகிதம் கொடுத்து அனுப்புகிறார்கள். அவன் கொண்டுவரும் மாத்திரையைப் போடுகிறார்கள். இதனால் கிருமி சிறுநீரகம் வரை ஏறிய பிறகு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் உண்டு. எனவே மூன்று கடைகளில் ஒன்றில், தினமும் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பெண் மருந்தாளுநர் ஒருவர் இருப்பார். நம் மஹல்லாவின் மகள்தான். அவர் மருந்து எழுத மாட்டார். ஆனால் கேட்பார், குறித்துக்கொள்வார், பெண் டாக்டரிடம் பச்சைச் சீட்டு எழுதி அனுப்புவார். காய்ச்சலும் குளிரும் விலாப்பக்க வலியும் சேர்ந்திருந்தால் அன்றைக்கே போகச் சொல்வார்.

ரமளானுக்கு முன்

சர்க்கரை நோயாளிகள் நோன்பு வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும் என்பது நிபுணர்களின் அறிவுரை. சிலருக்கு மாத்திரை நேரத்தை மட்டும் மாற்றினால் போதும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகை மாத்திரை போடுகிறவர்களுக்கும் அளவையே மாற்ற வேண்டியிருக்கும். காலை மாத்திரையை ஸஹருக்கும் இரவு மாத்திரையை இஃப்தாருக்கும் நாமாகவே தள்ளி வைப்பது, பகலில் சர்க்கரை இறங்கி மயங்கி விழ வழி செய்யும். ரஜப், ஷஃபான் மாதங்களில் மருந்து வாங்க வரும் ஒவ்வொரு சர்க்கரை நோயாளியிடமும் "நோன்பு வைக்கிறீர்களா, டாக்டரிடம் கேட்டீர்களா?" என்று நம் மருந்தாளுநர்கள் கேட்பார்கள். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். விரலில் குத்தி இரத்தச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்று ஆலிம்கள் சொல்கிறார்கள். அதற்குப் பயந்து சோதிக்காமல் இருக்க வேண்டாம்.

நம் எல்லோருடைய பங்கு

குடும்பங்களிடம் நாம் வேண்டுவது மூன்று. முதலாவது, கடையில் "இது டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது" என்று சொன்னால் சண்டை போடாதீர்கள். அந்தத் தம்பி தன் வியாபாரத்தை விட்டு உங்கள் உடம்பைப் பார்த்திருக்கிறார். இரண்டாவது, போட்டுக்கொண்டிருக்கும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எதோடு எது ஒத்துப்போகாது என்று சொல்லும் படிப்பு மருந்தாளுநருடையது. மூன்றாவது, ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவர் போடாதீர்கள். பக்கத்து வீட்டு மாமிக்குக் கேட்டது உங்களுக்குக் கேட்க வேண்டும் என்பதில்லை.

படிக்கும் பிள்ளைகளே, இரண்டு வருட டிப்ளமோ, நான்கு வருட பி.ஃபார்ம், ஆறு வருட ஃபார்ம்.டி என்று மூன்று வழி இருக்கிறது. நம் நாட்டிலும் ஒரு நாள் மருந்தாளுநருக்குக் கூடுதல் பொறுப்பு வரலாம், வராமலும் போகலாம். வந்தால் அதைத் தாங்கத் தெரிந்தவர் கையில்தான் அது போய்ச் சேர வேண்டும். மதிப்பெண் குறைந்ததால் எடுத்த படிப்பு என்று நினைக்காதீர்கள். மனித உயிர் உங்கள் கைவழியாகப் போகிறது. படித்துவிட்டுச் சான்றிதழை மட்டும் கடைக்கு அனுப்பாதீர்கள், நீங்களே போய் நில்லுங்கள். நம் கல்வி உதவித்தொகையில் மருந்தியல் மாணவர்களுக்கும் இனி இடம் உண்டு.

மருந்துக் கடைச் சகோதரர்களே, இந்த ஆறு மாதத்தில் உங்களுக்குச் சிறு நட்டம் வரலாம். மறைக்க விரும்பவில்லை. ஆனால் நம்பி வருகிறவர் உங்கள் முன்னால் வைப்பது வெறும் ரூபாய் நோட்டு அல்ல, தன் உடம்பை. அது அமானத். அதைக் காப்பவரின் வியாபாரத்தில் பரக்கத் வைக்க அல்லாஹ் போதுமானவன்.

நம் நோயாளிகளுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. மருந்து எழுதுகிறவர்களுக்கும் கொடுக்கிறவர்களுக்கும் தெளிந்த அறிவையும் நேர்மையையும் தருவானாக. இந்தச் சிறு முயற்சியை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.

கூட்டம் முடிந்ததும் பச்சைச் சீட்டின் மாதிரியும் டாக்டர்களின் ஒரு பக்கக் குறிப்பும் வாசலில் கிடைக்கும். வீட்டுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். சந்தேகம் இருப்பவர்கள் டாக்டர்களிடம் இங்கேயே கேட்டுவிட்டுப் போங்கள்.

வஸ்ஸலாம்.